1.026-இல் நின்றுபோன பீர்

பீரை நொதிக்க வைத்த அன்று, சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 12 பிரிக்ஸ் (நூறு கிராமில் 12 கிராம் சர்க்கரை) காட்டியது. ஒப்படர்த்தியில் (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 1.048. ஆறாம் நாள் 6.5. அதன்பின் அசையவே இல்லை. அட்டவணைப்படி அது 1.026, அதாவது நிறையச் சர்க்கரை மிச்சம். அப்படியே அடைத்தால் அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கலாம்.

வாளியை 18 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்குச் சூடாக்கினேன். பயனில்லை. அடியில் படிந்த ஈஸ்ட்டை ஆட்டிக் கலக்கினேன். குமிழ்கள் எழுந்தன, ஆனால் வெளியேறியது ஏற்கெனவே கரைந்திருந்த கரியமில வாயுதான். புதிய ஈஸ்ட்டும் சேர்த்தேன். நான்கு நாட்கள் வீணாயின.

ஒரு வாய் சுவைத்தபோதுதான் பொறி தட்டியது: இனிப்பே இல்லை! உடனே, திரவத்தில் மிதந்து ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை எடுத்தேன். 1.016. மிதவையை உற்றுப் பார்த்தால் அதன் உடலெங்கும் நுண்குமிழ்கள் ஒட்டி, அதை மேலே தூக்கிக்கொண்டிருந்தன. இதைப் பலர் கவனிப்பதில்லை. மாதிரியை இரண்டு டம்ளர்களுக்கு இடையே பலமுறை ஆற்றி, வாயு போனபின், 20 டிகிரியில் மீண்டும் மிதக்கவிட்டேன். 1.012!

பீர் எப்போதோ முடிந்திருந்தது. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் கணிக்கிறது. ஆல்கஹாலும் ஒளியை நீரைவிட அதிகம் வளைப்பதால், நொதித்த பிறகு அளவு கூடுதலாகவே தெரியும். தொடக்க பிரிக்ஸையும் சேர்த்துத் திருத்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்; அதே 1.012 வந்தது.

மூன்று நாட்கள் கழித்தும் அளவு மாறவில்லை. நிம்மதியாகப் பாட்டில்களில் அடைத்தேன்.