ஹொட் டப்பைச் சுற்றி மறைப்பு: வேலியை உயர்த்த வேண்டியதில்லை

பின்வளவில் ஹொட் டப் (சுடுநீர்த் தொட்டி) வைத்தவுடன் பலர் யோசிப்பது எல்லை வேலியை உயர்த்தலாமா என்றுதான். ரொறன்ரோவில் பின்வளவு வேலி பொதுவாக 2 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. பக்கத்து வீட்டு மாடி யன்னலிலிருந்து வரும் பார்வையை மறைக்க அது காணாது. மறைப்பை டப்புக்குக் கிட்டக் கொண்டு வந்தால் வேலை சுலபம்.

1. உள்ளே இருந்து பாருங்கள். டப்புக்குள் இருந்துகொண்டு எந்த யன்னல்கள் தெரிகின்றன என்று குறியுங்கள். நின்று பார்த்தால் கணக்குப் பிழைக்கும். உங்கள் தலை தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்திலும், பக்கத்து வீட்டு யன்னல் 12 மீற்றர் தள்ளி 5 மீற்றர் உயரத்திலும் இருக்கிறது என்று வையுங்கள். 6 மீற்றர் தள்ளியுள்ள வேலியில் மறைக்க 3.1 மீற்றர் உயரம் வேண்டும். தலையிலிருந்து 1 மீற்றரில் தடுப்பு வைத்தால் ஏறக்குறைய 1.5 மீற்றரே போதும். இரண்டு பக்கம் மறைத்தாலே பெரும்பாலான வளவுகளுக்குப் போதும். நாலு பக்கமும் அடைத்தால் பெட்டிக்குள் இருப்பது போலாகிவிடும்.

2. இடம் விடுங்கள். மோட்டார் இருக்கும் பக்கத்தில் திருத்த வருபவர் குந்தி வேலை செய்ய ஒரு மீற்றராவது வேண்டும். மூடியைத் தூக்கி மடிக்கும் பக்கத்தையும் அளந்துகொள்ளுங்கள். இதை மறந்து தடுப்பைக் கட்டினால் பிறகு கழற்றத்தான் வேண்டும்.

3. தூண்கள். தோண்டுமுன் நிலத்தடி இணைப்புகளுக்கான சேவையான ஒன்ராறியோ வன் கோலுக்கு (Ontario One Call) அறிவியுங்கள். எரிவாயு, மின்சார இணைப்புகள் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். இது சட்டப்படி கட்டாயம். குழி 1.2 மீற்றர் ஆழம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் நிலம் உறையும்போது தூணை மேலே தள்ளிவிடும்.

4. பலகைகள். இடைவெளியே இல்லாத சுவர் காற்றை நிறுத்தாது. காற்று மேலால் ஏறி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கி உங்கள் தலையில்தான் அடிக்கும். ஆகவே பலகைகளைக் கிடையாக, கொஞ்சம் சரித்து, இடைவெளி விட்டு அடியுங்கள். வெளி விளிம்பு தாழ்ந்தும் உள் விளிம்பு உயர்ந்தும் இருக்க வேண்டும். மேலிருந்து வரும் பார்வை மறையும், காற்று மெல்ல வடிந்து வரும், மழைநீரும் வெளியே ஓடும். குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருவதால் முதல் தடுப்பை அந்தப் பக்கம் வையுங்கள். சீடர் பலகை ஈரத்தைத் தாங்கும். ஆணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்; குளோரின் கலந்த ஆவி சாதாரண ஆணியைச் சும்மா விடாது.

5. கூரை. எல்லாருக்கும் தேவைப்படாது. போடுவதானால் ஆவி வெளியேறப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். பனிப் பாரத்தைத் தாங்கும் கட்டுமானமும் வேண்டும். நகரசபையிடம் பேர்மிட் தேவையா என்று முதலே கேளுங்கள்.

6. செடிகள். எமரால்ட் சீடர் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். 60 முதல் 90 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடலாம். டப்புக்கு ஒட்டி நடாதீர்கள், உதிர்வதெல்லாம் பில்டரில் போய்ச் சேரும். நட்ட முதல் இலையுதிர்காலத்தில் நிலம் உறையும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.