பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் ஐடிலிங் ஏறி நின்றால்: ஸ்லோ ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததோடு புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்ப்பரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. ஆனாலும் காட்பாடி ரயில் நிலையத்து வண்டி நிறுத்தத்திலோ, குடியாத்தம், ஆம்பூர் கடைத்தெருக்களிலோ டி.என். 23 என்ற வேலூர்ப் பதிவெண் தாங்கிய ஸ்பிளெண்டர்களும் ஆர்.எக்ஸ். 100களும் பழைய புல்லட்டுகளும் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் அடிக்கடி வரும் தொல்லை, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் அடங்காமல் ரேஸ் ஆகிக்கொண்டே நிற்பது, அதாவது ஐடிலிங் வேகம் ஏறி நிற்பது. இதனால் பெட்ரோல் வீணாவதும், கியர் போடும்போது வண்டி உதறுவதும் மட்டுமல்ல. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது என்ஜின் தர வேண்டிய தடுப்பு குறைந்து, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது.

பெரும்பாலோர் முதலில் செய்வது ஸ்லோ ஸ்க்ரூவைத் தளர்த்துவது. அது பல நேரங்களில் நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. அந்த ஸ்க்ரூவின் வேலை, ஆக்சிலேட்டருக்கு ஏற்ப கார்ப்பரேட்டருக்குள் ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று தடுத்து நிறுத்துவது மட்டுமே. நேற்று வரை சரியாக நின்ற ஐடிலிங் இன்று தானாக ஏறியிருந்தால், ஸ்க்ரூவை யாரும் தொடாத பட்சத்தில், ஒன்று ஸ்லைடு அந்த மட்டம் வரை இறங்கவில்லை, அல்லது வேறு வழியாகக் காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் வரத்து குறைந்து கலவை மெலிந்துவிட்டது. காரணத்தைக் கண்டறியாமல் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்த என்ஜின் ஓட்டம் நிலைக்காமல் அணையும், மீண்டும் முறுக்குவோம், மதியம் மீண்டும் ரேஸ் ஆகும்.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன், வேகம் எப்படி ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி என்ஜினை நன்கு சூடாக்கி, திறந்த வெளியில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஓடவிடுங்கள். 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று என்பது இயல்பான ஐடிலிங். பழைய புல்லட்டுக்கு அதைவிடக் குறைவு. இப்போது ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுவதுமாகத் திருப்புங்கள். திருப்பும்போது வேகம் ஏறினால், குறை கேபிளில்தான். கார்ப்பரேட்டரைக் கழற்ற வேண்டியதே இல்லை. கேபிள் டேங்க்குக்கு அடியில் நசுங்கியிருக்கலாம், தவறான வழியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கலாம், அல்லது தளர்வே இல்லாமல் முறுக்கப்பட்டிருக்கலாம். கைப்பிடியைத் திருப்பினால் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெறுமனே நகர்ந்த பிறகே கேபிள் இழுக்கத் தொடங்க வேண்டும். கைப்பிடியை முறுக்கி விட்டால் 'டப்' என்று தானாகத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் உள்கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். மழைக்காலம் முழுக்க வெளியில் நின்ற வண்டிகளில் இது சாதாரணம். இழை பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஓடும்போதே கேபிள் சிக்கி வேகம் அடங்காமல் போனால், உடனே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, வண்டியை ஓரம் கட்டுவதே வழி.

கேபிள் நன்றாக இருந்தால், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாருங்கள். நெம்புகோல் முழுவதும் திரும்பியதுபோலத் தோன்றினாலும் உள்ளே முழுதாக விடுபடாமல் இருக்கலாம்; புல்லட்டின் மிக்கார்ப் போன்ற கார்ப்பரேட்டர்களில் சோக் என்பது மேலும் கீழும் நகரும் ஒரு சிறு பிளஞ்சர், அதன் அடி ரப்பர் தேய்ந்தால் பெட்ரோலும் காற்றும் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். அப்போது பிளக் கரி படிந்து கறுத்திருக்கும்.

அடுத்தது ஸ்லைடு. மேல்மூடியைக் கழற்றி ஸ்லைடை வெளியே எடுத்தால், பாலாற்று மணலும் நெடுஞ்சாலைப் புழுதியும் ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்து செய்திருக்கும் வேலை கீறல்களாகத் தெரியும். பெட்ரோலில் கழுவி, துடைத்து, கையால் விட்டுப் பார்த்தால் அது தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது ஸ்லைடின் வெட்டுப் பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் பார்த்திருப்பதையும், பக்கவாட்டுக் காடி உள்ளே இருக்கும் முளையில் அமர்வதையும், ஊசி தன் துளைக்குள் இறங்குவதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். திருப்பிப் போட்டுவிட்டால், கிக் அடித்த உடனே என்ஜின் அலறும்.

இனி வருவதுதான் அதிகம் அலைக்கழிக்கும் வகை. ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்காமல் மேலேயே சற்று நேரம் தொங்கி, பிறகு மெல்ல இறங்குகிறது. அல்லது காலையில் சரியாக இருந்து, சூடேறியதும் ஏறிக்கொள்கிறது. இது கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்ததன் அடையாளம். அந்நிலையில் சோக்கைக் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள்: வேகம் ஒழுங்குபட்டு அடங்கினால் கலவை மெலிந்திருக்கிறது, உடனே திணறி அணைந்தால் குறை வேறு இடத்தில். பிளக்கின் முனை வெளுத்திருப்பதும் முதலாவதற்கே சாட்சி சொல்லும்.

காற்று நுழையும் இடம் பெரும்பாலும் கார்ப்பரேட்டருக்கும் என்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பு. அங்கே இருக்கும் ஓ-ரிங், ஃபைபர் பேக்கிங், ரப்பர் குழாய் ஆகியவை வேலூர்க் கோடையில் பல ஆண்டுகள் வெந்து இறுகியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர்கள் இப்போது இன்னும் விரைவாகக் கெடுகின்றன. சோதிக்க, செடிக்கு நீர் தெளிக்கும் பாட்டிலால் இணைப்பைச் சுற்றி மட்டும் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். அந்தக் கணத்தில் ஓசை மாறினால் ஓட்டை அங்கேதான். கார்ப்பரேட்டர் கிளீனர் தெளித்தும் பார்க்கலாம் என்றாலும், சூடான சைலன்சருக்கு அருகில் அது தீப்பற்றும் என்பதால் நான் தண்ணீரையே விரும்புகிறேன்.

ஓ-ரிங்கை மாற்றியும் கசிவு நிற்காவிட்டால், கார்ப்பரேட்டரின் முகப்பு வளைந்திருக்கும். இரண்டு நட்டுகளில் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போகும் பழக்கத்தால் வருவது இது. தட்டையான கண்ணாடி மேல் 400 எண் எமரித் தாளை விரித்து, முகப்பைச் சமமாகத் தேய்த்தால் சரியாகிவிடும். பொருத்தும்போது இரு நட்டுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். கசிவை அடைக்கச் சிலிகான் பேஸ்ட்டை அப்புவது வேண்டாம். பெட்ரோல் பட்டு ஊறிப் பிய்ந்து, உள்ளே போய்ச் சேரும்.

வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால், ஐடிலிங்கில் பெட்ரோல் தரும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கலாம். அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாமல், கிளீனரும் காற்றும் கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னொரு வழியும் உண்டு. மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் பக்கத்தில், கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் தடுக்கும் ஆயில் சீல் தேய்ந்தால், அவ்வழியே காற்று நேரே கிராங்க் அறைக்குள் நுழைகிறது. எத்தனை முறை ட்யூன் செய்தாலும் நிலைக்காது. அதைவிட மோசமாக, அதே நிலையில் ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் விரட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். எனவே இரண்டு ஸ்ட்ரோக்கில் காரணம் தெரியாத ரேசிங் இருந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைப்பதே நல்லது. பிளாட்டினம் பாயின்ட் உள்ள பழைய புல்லட்டிலோ, வேகத்துக்கேற்பப் பொறி விழும் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்து, இக்னிஷன் டைமிங் முன்னேறியே நின்றாலும் ஐடிலிங் ஏறும்.

காரணம் நீங்கிய பிறகே ஸ்க்ரூக்களுக்கு வர வேண்டும். ஐடிலிங்கில் காற்று–பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் கலவை ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால், உள்ளே முறுக்கக் கலவையில் பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால், உள்ளே முறுக்கப் பெட்ரோல் குறையும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு செய்யும் ட்யூனிங்கால் கெட்ட வண்டிகள் ஏராளம். ஸ்க்ரூவை மென்மையாக அடிவரை முறுக்கி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். சூடான என்ஜினில் அதைக் கால் சுற்றாக இருபுறமும் நகர்த்தி, வேகம் மிக உயர்ந்து சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தை இறக்கி, மீண்டும் ஒருமுறை ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். கலவை ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தும், அல்லது அரைச் சுற்றுக்கும் கீழே போயும்தான் வண்டி ஒழுங்காகிறது என்றால், ஜெட் அளவு மாறியிருக்கிறது. மலிவான ரிப்பேர் கிட்டில் வந்த ஜெட்டின் எண்ணைப் பழைய ஜெட்டின் எண்ணோடு ஒப்பிட்டு, பழையதையே கழுவித் திரும்பப் போடுங்கள்.