பவுன்ஸ் மெயில்ல ஒளிஞ்சிருந்த முக்காற்புள்ளி

திருப்பூர்ல மாமாவோட பனியன் கம்பெனிக்கு நாந்தான் போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போட்டு மெயில் சர்வர் ஓட்டறேனுங்க. போன வாரம் சர்வர புதுசா மாத்துனதுல இருந்து பையருக்குப் போற கொட்டேஷன்ல பாதி போய்ச் சேருது, பாதி 550 5.7.1னு, அதாவது ஏத்துக்க மாட்டேன்னு, பவுன்ஸ் மெயிலா திரும்பி வருது. எஸ்பிஎஃப் (எந்த ஐபில இருந்து எங்க மெயில் வரலாம்ங்கற பட்டியல்), டிகேஐஎம் (மெயில்ல போடற டிஜிட்டல் கையெழுத்து) எல்லாம் மறுக்கா பாத்து, பிளாக்லிஸ்ட்ல தேடி, பிடிஆரும் (ஐபிய வெச்சு சர்வர் பேரச் சொல்ற பதிவு) சரியா இருந்து, மூணு நாள் வீணாப் போச்சு.

அப்பறம் பவுன்ஸ்ல இருந்த ஐபிய உத்துப் பாத்தா புள்ளிக்குப் பதிலா முக்காற்புள்ளியா இருக்குது! அட, ஐபிவி6, புது வகை ஐபி அட்ரஸ். எதிர்ப்பக்கம் ஐபிவி6 இருந்தா மெயில் அந்த வழியாப் போயிருக்குது, எங்க சர்வரோட ஐபிவி6 அட்ரஸுக்கு பிடிஆரும் இல்ல, எஸ்பிஎஃப்லயும் அது இல்ல. போஸ்ட்ஃபிக்ஸோட செட்டிங் ஃபைலான மெயின் டாட் சிஎஃப்ல ஐநெட் புரோட்டோகால்ஸ (எந்த ஐபி வகைல போகோணும்ங்கற செட்டிங்) பழைய வகையான ஐபிவி4னு மாத்துனேன். வெறும் ரீலோட் பண்ணா எடுக்காதுங்க, நிறுத்தி ஸ்டார்ட் பண்ணோணும். க்யூல நின்னதும் போயிருச்சு, திரும்பி வந்தத மட்டும் மறுபடி அனுப்புனேன்.