ஆற்றுக்கு முதுகு காட்டி ஆற்றைப் பாடாதீர்கள்: நீர்நிலைக் கலை நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் நாலா பக்கமும் தண்ணீர் உள்ள ஊர். வடக்கே தென்பெண்ணை, நகரத்தின் நடுவே கெடிலம், தெற்கே உப்பனாறும் பரவனாறும், கிழக்கே கடல். இருந்தும், மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு அண்ணா பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் கெடிலத்தைத் திரும்பிப் பார்ப்பது வெள்ளம் வந்தால்தான். மற்ற நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

இதை மாற்றலாம் என்று ஓவியர்கள், கூத்துக் கலைஞர்கள், பறைக் குழுக்கள், சூழல் ஆர்வலர்கள் எல்லாம் இறங்குவது நல்ல காரியம். கடலூரில் மட்டுமல்ல, புதுச்சேரியிலும் இது தேவைதான். ஆனால் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் எந்த ஊரில் நடந்தாலும் வழுக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் சுவர். நீளமாக ஒரு சுவர் கிடைத்ததும் தூரிகையை எடுத்துவிடுகிறார்கள். மீன், தாமரை, கொக்கு, நடுவே நீல நிறத்தில் வளைந்து போகும் ஆறு. சுவருக்கு அந்தப் பக்கம் அசல் வாய்க்கால் கறுப்பாகக் கிடக்கிறது. ஓவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர் முதுகு காட்டுவது அதற்குத்தான். முன்பு அசிங்கமான சுவர் வாய்க்காலை மறைத்தது, இப்போது அழகான சுவர் மறைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வரைவதென்றால் தண்ணீரோடு தொடர்பு தெரிகிற இடத்தில் வரையுங்கள். தெருவில் மழைநீர் வடிகால் தொடங்கும் இடத்தில் ஓர் அம்புக்குறியும் 'இது கெடிலத்துக்குப் போகிறது' என்று ஒரு வரியும் போதும். ஆனால் அந்த வடிகாலைக் கடைசிவரை நடந்து பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். பக்கத்துத் தெரு வடிகால் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். அந்த நடையில்தான் எந்தச் சந்தில் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாகச் சேர்த்திருக்கிறார்கள், எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். என்னைக் கேட்டால் ஓவியத்தைவிட நடைதான் முக்கியம்.

இன்னொன்று, வெள்ளக் கோடு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தென்பெண்ணைக் கரையோர மக்களுக்குப் பெரிய சோதனை அதற்கு அப்புறம் வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, ஆறு ஊருக்குள் புகுந்தது. அன்றைக்குத் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று வீட்டுக்காரரிடமே கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் வீட்டுச் சுவரிலேயே ஒரு கோடு போடுங்கள். தன் இடுப்பு உயரத்தில் இருக்கும் கோட்டைப் பார்த்த குழந்தை, திருவண்ணாமலை மாவட்டத்து அணைக்கும் தன் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு, இருக்கிற விழாவை விட்டுவிட்டுப் புதுசாக ஒன்றைக் கண்டுபிடிப்பது. 'நதி தினம்' என்று பேனர் கட்டி, கல்லூரி அரங்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, ஏசியில் உட்கார்ந்து ஆற்றைப் பற்றிப் பேசுவார்கள். தை ஐந்தாம் நாள் இந்த வட்டாரமே ஆற்றுத் திருவிழாவுக்குக் கிளம்புகிறதே, அது என்ன? ஊர் ஊராகச் சாமிகள் தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி கொள்கின்றன. பிள்ளைகள் மணலில் விளையாடுகிறார்கள். சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. நகரவாசியின் கால் ஆற்று மணலில் படும் நாள் அது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டம் வரும். கலைஞர்கள் போக வேண்டியது அங்கே. அதுவும் பெரிய ஒலிபெருக்கியோடு போய்ச் சாமியோடு போட்டி போடாமல், கிழங்குக் கடைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, 'உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகிறது?' என்று ஒரு வரைபடத்தை வைத்தால் போதும்.

பாட்டுக்கும் பஞ்சமில்லை. திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு கெடிலம் வருகிறது. அதைப் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும் ஊரில் எங்கிருந்தோ இரவல் வாங்கிய நதிப் பாட்டு எதற்கு? ஆனால் பழம்பெருமையில் மூழ்கிவிடவும் கூடாது. 'அந்தக் காலத்தில் ஆறு எல்லோருக்கும் தாயாக இருந்தது' என்று நாடகத்தில் வசனம் வந்தால், எந்தப் படித்துறையில் யாரை இறங்க விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த கோடு. அதன் ஓரமாகப் பாரம்பரிய நடை போகிறவர்கள் கட்டட அழகை மட்டும் பேசிவிட்டு வந்தால் கதையில் பாதி காணோம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, கரையில் வாழ்கிறவர்களுக்கு ஆற்றை அறிமுகப்படுத்தப் போவது. கடலூர் முதுநகரில் உப்பனாற்றை நம்பி வலை வீசுகிற மீனவரிடம் போய் 'நதியை நேசியுங்கள்' என்றால் அவர் என்ன நினைப்பார்? சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் உப்பனாற்றங்கரைக்கு வந்தது 1980களில். 2004-ல் அந்தச் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களே சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகச் சேர்ந்தார்கள். எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், என்ன வாடை என்று நோட்டில் குறித்தார்கள். பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை பொருத்தி, காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தங்கள் மூக்கை நம்பி ஆவணம் உண்டாக்கியவர்கள் அவர்கள். அவர்களைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வெளியூர்க்காரர் மேடையேறக் கூடாது. கதை அவர்களுடையது, நடிப்பும் இசையும் உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டிய ஆபத்து ஒன்று உண்டு. 'ஆக்கிரமிப்பை அகற்று' என்ற முழக்கம் பாட்டில் நன்றாகத்தான் எடுபடும். ஆனால் அதைக் கேட்டுப் பொக்லைன் வந்தால் முதலில் போவது கரையோரக் குடிசை. வாய்க்காலை வளைத்துக் கட்டிய பெரிய கட்டடத்துக்குக் கடைசிவரை நோட்டீஸோடு சரி. வார்த்தையை யோசித்துப் போடுங்கள்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டும் என்பவர்களுக்குச் சீனாவின் செங்டு நகரம் இருக்கிறது. 1995-ல் யின் ஷியூட்சென் என்ற கலைஞர் அங்கே ஓடும் அழுக்கு ஆற்றின் தண்ணீரையே பனிக்கட்டிகளாக உறைய வைத்துக் கரையில் அடுக்கினார். வழியில் போகிறவர்களிடம் பிரஷைக் கொடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். கழுவக் கழுவக் கட்டி கரைந்ததே தவிர அழுக்கு எங்கே போகும்? அதே முயற்சியில் முன்னின்ற அமெரிக்கக் கலைஞர் பெட்சி டேமன், உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து, ஆற்று நீரைச் செடிகளாலும் குளங்களாலும் வடிகட்டிக் காட்டும் பூங்காவை 1998-ல் அங்கேயே உருவாக்கினார். நம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாருக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அப்படியே காப்பியடிக்காதீர்கள். ஓவியத்துக்குப் பதிலாக ஆற்றுத் தண்ணீரையே ஆட்களின் கைக்குக் கொண்டுவந்தார்களே, அந்த யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சின்னச் சின்னத் தவறுகள். தெர்மாகோல் படகு, பிளாஸ்டிக் அகல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிற்பம் எதுவும் தண்ணீர் பக்கம் போகக் கூடாது. அந்தப் பிளாஸ்டர் சிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே தடை சொல்லிவிட்டது. களிமண் போதும். ஆகாயத்தாமரையை வாரினால் கரையிலேயே போட்டுவிட்டு வராதீர்கள், அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். கழிவுநீர் கலக்கும் வாய்க்காலில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. பெரியவர்களும் காலில் புண் இருந்தால் ஒதுங்கிக்கொள்வது நல்லது, எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை.

கடைசியாக மனு. நிகழ்ச்சி முடிவில் 'அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று ஒரு தீர்மானம் வாசிப்பார்கள். எந்த அரசு அலுவலகம்? தெரு வடிகால் என்றால் 2021-ல் மாநகராட்சியான கடலூரின் மாநகராட்சி அலுவலகம். ஆறு என்றால் நீர்வளத்துறை. ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். புதுச்சேரி நகரப் பகுதி என்றால் அந்த வாய்க்கால் புதுச்சேரி நகராட்சியா உழவர்கரை நகராட்சியா, இல்லை பொதுப்பணித்துறையா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பெயர் இல்லாத கோரிக்கையை ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும். நடந்து பார்த்தபோது கிடைத்ததைத் தெரு, குழாய், தேதி, படம் என்று எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அடுத்த கூத்தில் அந்த மனு எண்ணையும் அது கிடக்கிற அலுவலகத்தையும் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் சொல்லட்டும்.