அனிமேயில் பார்த்த தெருவில் போய் நிற்பது எப்படி?

‘யுவர் நேம்’ என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படத்தின் கடைசியில் வரும் படிக்கட்டு டோக்கியோவில் யோட்சுயா பக்கம், சுகா கோயிலுக்குக் கீழே நிஜமாகவே இருக்கிறது. சிவப்புக் கைப்பிடிக் கம்பி, சுற்றிலும் வீடுகள், அவ்வளவுதான். 2016-ல் படம் வந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆட்கள் அங்கே போய் நிற்கிறார்கள். நீங்களும் போகப்போகிறீர்கள் என்றால் ஆயத்தத்தை வேலூரிலேயே தொடங்கிவிடலாம். நான் இங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன், அதனால் ஃபிரேம் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் வேண்டிய காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூவில் அந்தத் தெருவை முன்னும் பின்னும் பாருங்கள். மின்கம்பம், கைப்பிடிக் கம்பி, படி திரும்பும் முனை என்று இடம் மாறாத பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபவர்கள் சில சமயம் இரண்டு இடங்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அதனால் எல்லாம் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது பயிற்சி. வேலூர்க்காரர் வீடுகளில் கோட்டை அகழி ஓரம் எடுத்த பழைய குடும்பப் போட்டோ ஒன்றாவது இருக்கும். அதை எடுத்துக்கொண்டு காலையில் கோட்டைக்குப் போங்கள். போட்டோவில் மரக்கிளை எதிர்க்கரைக் கொத்தளத்தை எந்த இடத்தில் தொடுகிறது என்று பாருங்கள். கிட்டே இருக்கும் பொருளும் தூரத்தில் இருக்கும் பொருளும் அதேபோல ஒட்டி நிற்கும்வரை கால்களைத்தான் நகர்த்த வேண்டும். ஜூம் தொடவே கூடாது. இடதுபக்கம் ஒரு அடி நகர்ந்தால் கிளை கொத்தளத்தைவிட்டு விலகிவிடும், குனிந்தால் மேலே ஏறிவிடும். இடம் சரியாக அமைந்த பிறகு, எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு மட்டும் ஜூம். இது கைவந்துவிட்டால் ஜப்பானில் ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த ஐந்து நிமிஷம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் இவை மனிதர்கள் குடியிருக்கும் தெருக்கள். சத்துவாச்சாரியில் நீங்கள் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது ஒரு கூட்டம் எதிரே நின்று கேமராவைத் தூக்கினால் எப்படி இருக்கும்? அதையே அங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள். சுகா படியில் ஆள் ஏறி இறங்கினால் ஒதுங்கி வழி விடுங்கள். ஜன்னல், பெயர்ப்பலகை, வண்டி எண் எதுவும் படத்தில் விழ வேண்டாம். சத்தம் போடாமல் எடுத்துவிட்டு, மேலே ஏறி சாமியையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்து அனிமேயின் ரசிகர்கள் போகும், டோக்கியோவுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள காமகுரா கோகோ மயே ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட்டில் நிலைமை இன்னும் கஷ்டம். கூட்டம் சாலையிலேயே இறங்கி நிற்பதால் காவலுக்கு ஆள் போட வேண்டியதாகிவிட்டது. நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். எனோடென் என்கிற அந்த ஊர் ரயில் அடிக்கடி வரும், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது இருக்கிறது. அங்கே கேமரா தெற்கே, கடலைப் பார்த்து நிற்கும். குளிர்காலத்து மதியத்தில் வெயில் நேராக லென்ஸில் அடித்து, நிற்பவர் முகம் கறுத்துப்போகும். அதனால் அதிகாலையில் போவதுதான் நல்லது, கூட்டமும் குறைவு.

ஷின்ஜுகு கியோயன் பூங்கா, ‘கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’ படத்தின் மழை மண்டபம் இருக்கும் இடம், பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். படத்தில் நாயகி அங்கே பீர் குடிப்பாள், ஆனால் நிஜத்தில் பூங்காவுக்குள் மதுவுக்குத் தடை.

நேரம் இருந்தால் ஹிடா ஃபுருகாவா வரை போய்விட்டு வாருங்கள். நாகோயாவிலிருந்து ஹிடா எக்ஸ்பிரஸில், தகயாமாவைத் தாண்டி வரும் சின்ன ஊர். தண்டவாளத்தைக் கடக்கும் நடைமேம்பாலத்தில் நின்றால் ‘யுவர் நேம்’ ரயில் காட்சி அப்படியே கீழே தெரியும். திரும்பும் ரயில் நேரத்தை இறங்கியதுமே பார்த்து வையுங்கள். ஊர் நூலகமும் படத்தில் வருகிறது. உள்ளே போனதும் முதலில் கவுன்டரில் கேளுங்கள், சரி என்ற பிறகு கேமராவை எடுங்கள். படித்துக்கொண்டிருப்பவர்கள் ஃபிரேமுக்குள் வராதபடி அலமாரிப் பக்கம் திரும்பி எடுத்தால் போதும்.