பெருவீக்கத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரண்டத்தின் தொடக்கம் குறித்தும், பிறந்த முதல் நொடித்துளியில் அது முடுக்கத்தோடு விரிந்ததாகச் சொல்லும் பெருவீக்கம் (inflation) குறித்தும் தமிழில் எழுதவும் பேசவும் இப்போது புதிதாகப் பலர் வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் திரும்ப வருகின்றன. பெருவெடிப்பு ஓர் இடத்தில் வெடித்த குண்டு அல்ல என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

"ஒளியைவிட வேகமாக விரிந்தது"

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு பள்ளி அறிவியல் விழாவில் பேச்சாளர் இப்படிச் சொன்னதும் ஒரு மாணவி எழுந்து, "ஒளியை எதுவும் மிஞ்ச முடியாதுன்னு படிச்சோமே சார்?" என்று கேட்டாள். "அப்போது இயற்பியல் விதிகளே வேறு" என்று பதில் வந்தது. அருமையான கேள்வி வீணாய்ப் போனது.

விரிவுக்கென்று ஒற்றை வேகம் கிடையாது. எவ்வளவு தூரமோ அதற்கேற்ற வேகம். இன்று சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, அதாவது ஒரு மெகாபார்செக்குக்கு, விநாடிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தூரம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். கணக்குப் போட்டால், சுமார் 1,400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள விண்மீன் மண்டலங்கள் இன்றைக்கே ஒளியை மிஞ்சிய வேகத்தில் விலகுகின்றன. ஆக, அது பெருவீக்கத்துக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல. சார்பியல் விதியும் மீறப்படவில்லை. எந்தப் பொருளும் தன்னருகே செல்லும் ஒளியை முந்த முடியாது என்பதுதான் அந்த விதி. இடைவெளி நீள்வதை அது தடுப்பதில்லை.

சரி, பெருவீக்கத்தில் என்னதான் புதுமை? முடுக்கம். பெருவீக்கம் இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் நிரம்பியிருந்தால், ஈர்ப்பு விரிவைத் தணித்துக்கொண்டே போகும். தூரங்கள் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும். பெருவீக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 10⁻³⁶ விநாடி முதல் 10⁻³² விநாடி வரையிலான காலத்தில் வளர்ச்சி வெறும் 100 மடங்கு. பெருவீக்கத்திலோ கூட்டு வட்டி போல, சம இடைவெளிகளில் இரட்டிப்பு. 87 முறை இரட்டித்தால் 10²⁶ மடங்கைத் தாண்டிவிடும்.

இது எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1964இல் வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் கண்ட நுண்ணலைப் பின்னணி, அதாவது பேரண்டத்தின் இளமைக் கால ஒளியின் மிச்சம், வானத்தின் எந்தத் திசையிலும் சுமார் 2.7 கெல்வின். ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். பெருவீக்கம் இல்லையென்றால், வானத்தில் ஓரிரு பாகைக்கு மேல் விலகிய பகுதிகள் ஒன்றையொன்று தொட்டிருக்கவே வாய்ப்பில்லை. அப்புறம் எப்படி ஒரே வெப்பநிலை? முன்பே சமநிலை அடைந்திருந்த ஒரு சிறு பகுதி நீட்டப்பட்டது என்பதே பெருவீக்கம் தரும் விடை. அந்த மாணவிக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

"பேரண்டம் பட்டாணி அளவில் இருந்தது"

"நாம் காணக்கூடிய பகுதி" என்று சேர்த்து எழுதுங்கள்.

கரும் ஆற்றலோடு கலப்பது

பெருவீக்கம் முதல் விநாடிக்குள்ளேயே முடிந்துவிட்டது. கரும் ஆற்றல் விரிவை முடுக்குவது இப்போது நடக்கிறது.

"நிரூபணம் ஆகிவிட்டது"

2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்2 தொலைநோக்கிக் குழு, பெருவீக்கக் கால ஈர்ப்பலைகளின் (வெளியிலேயே பரவும் அதிர்வுகளின்) தடம் கிடைத்ததாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. 2015 தொடக்கத்தில் பிளாங்க் விண்கலத்தின் தரவோடு சேர்த்து ஆராய்ந்தபோது, நம் பால்வெளியின் தூசியே அந்தச் சமிக்ஞையை விளக்கப் போதும் என்று தெரிந்தது. அந்த ஈர்ப்பலைகள் இன்னும் சிக்கவில்லை. ஆதரவான சான்றுகள் வலுவானவை. ஆனால் பெருவீக்கத்தை இயக்கிய புலம் (field) எது என்பதற்கு விடை இல்லை. 2014 மார்ச் செய்திகளை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

எல்லாப் பெருமையும் ஆலன் கூத்துக்கே

அமெரிக்க இயற்பியலாளர் ஆலன் கூத்தின் (Guth) 1981 கட்டுரை பெரிய திருப்பம்தான். ஆனால் அவரது வடிவத்தில் பெருவீக்கம் ஒழுங்காக முடிவுக்கு வராது, அதை அவரே அதில் எழுதினார். 1982இல் இயற்பியலாளர்கள் லிண்டேவும், தனியாக ஆல்பிரெக்ட்டும் ஸ்டைன்ஹார்ட்டும் அதைச் சரிசெய்தார்கள். ரஷ்யாவின் ஸ்டாரோபின்ஸ்கி 1980லேயே ஒரு மாதிரியைத் தந்திருந்தார். பிளாங்க் தரவோடு மிக நன்றாகப் பொருந்திய மாதிரிகளில் அதுவும் ஒன்று.