டிராக்டரும் இணைப்புக் கருவிகளும் வாங்கும்போது விலை பேசுவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

டிராக்டர் வாங்கும் மேசையில் ஒரே நேரத்தில் நான்கு கணக்குகள் ஓடுகின்றன: வண்டியின் விலை, அதனோடு எடுக்கும் இணைப்புக் கருவிகளின் விலை, மாற்றாகக் கொடுக்கும் பழைய வண்டிக்குப் போடப்படும் மதிப்பு, கடனுக்கான வட்டி. ஒன்றில் தாராளமாகக் குறைத்துவிட்டு, குறைத்ததை இன்னொன்றில் ஏற்றிக்கொள்வது விற்பனையாளருக்கு எளிது. இந்த நான்கையும் பிரித்துப் பேசி, கடைசியில் மொத்தத் தொகையை மட்டும் வைத்து முடிவெடுப்பவருக்கு நாவன்மை அதிகம் தேவைப்படுவதில்லை.

படி 1: கருவியிலிருந்து தொடங்கித் தேவையை எழுதுங்கள்

பலர் குதிரைத்திறனை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகு அதற்கேற்ற கருவிகளைத் தேடுகிறார்கள். இதை மாற்றிச் செய்வதே நல்லது. எந்த வேலைக்கு எந்தக் கருவி வேண்டும், அது எத்தனை அகலம், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் கேட்கும் என்று எழுதிக்கொண்டால், வண்டியின் அளவு தானாகவே தெரிந்துவிடும். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் போன்ற சுழலும் கருவிகளுக்கு எஞ்சின் திறனைவிடப் பிடிஓ தண்டில், அதாவது எஞ்சின் திறனைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் பின்புறச் சுழல்தண்டில், கிடைக்கும் திறனே முக்கியம். அது வழக்கமாக எஞ்சின் திறனில் 80 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். எஞ்சின் திறன் 45 என்று எழுதப்பட்ட வண்டியில் பிடிஓவில் 36 முதல் 40 வரைதான் எதிர்பார்க்கலாம் என்பதால், கருவியின் கையேடு எந்தத் திறனைக் குறிப்பிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

தூக்கும் திறனிலும் இதே சிக்கல் உண்டு. விளம்பரத் தாளில் உள்ள எண் பெரும்பாலும் வண்டியின் பின்புறம் கருவியைத் தூக்கும் கைகளின் நுனியில் அளந்தது. கருவியின் எடை மையமோ அதற்குப் பின்னால் தள்ளி இருப்பதால், நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்த எண்ணைக் கேளுங்கள். ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் விதிமுறைகளின்படி 1959 முதல் டிராக்டர்கள் சோதிக்கப்பட்டு வருகின்றன. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அத்தகைய சோதனை அறிக்கை இருந்தால், இரு நிறுவனங்களின் வண்டிகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். தேவையை எழுத்தில் வைத்திருப்பவரிடம் பெரிய வண்டியைத் தள்ளிவிடுவதும் கடினம்.

படி 2: ஒரே பட்டியலுக்கு மூன்று விலைப்புள்ளிகள் வாங்குங்கள்

வண்டியின் மாடல், இருசக்கர இயக்கமா நான்குசக்கர இயக்கமா, கியர் அமைப்பு, டயரின் வகையும் அளவும், பின்புற ஹைட்ராலிக் வால்வுகளின் எண்ணிக்கை, முன்பக்க எடைகள், எடுக்கப்போகும் கருவிகள் ஆகியவை அடங்கிய ஒரே பட்டியலைக் குறைந்தது மூன்று விற்பனையாளர்களிடம் கொடுங்கள். பட்டியல் ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. ஒரு வால்வும் முன்பக்க எடைகளும் விடுபட்ட விலைப்புள்ளி எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

போக்குவரத்து, பொருத்தும் கூலி, வரி, பதிவு, காப்பீடு, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வண்டி கைக்கு வரும் மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள். வரியும் பதிவும் பேரத்துக்கு உட்படாதவை. ஆனால் ஆவணக் கட்டணம், பொருத்தும் கூலி, சில நேரம் போக்குவரத்துக் கட்டணம் ஆகியவை கடையே வைக்கும் தொகைகள். இவற்றைத் தொடாமல் விட்டால், வண்டி விலையில் வாங்கிய தள்ளுபடி இந்தக் கட்டணங்களில் திரும்பிப் போய்விடும்.

தொலைவில் உள்ள கடை அருகில் உள்ளதைவிடச் சற்று மலிவாகத் தரலாம். என் கருத்தில், பழுதுபார்க்கும் கூடமும் உதிரிபாகங்களும் அருகிலேயே கிடைக்கும் கடைக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது. வேலை உச்சத்தில் இருக்கும் நாளில் வண்டி நின்றுவிட்டால் அது விளங்கும். தொலைவுக் கடையின் விலைப்புள்ளியை அருகில் உள்ளவரிடம் காட்டிக் குறைக்கச் சொல்வதே அதன் சிறந்த பயன்.

படி 3: நேரம் பாருங்கள்

கடையில் நிற்கும் வண்டிகள் பலவும் கடனில் எடுத்து நிறுத்தப்பட்டவை. நாட்கள் கூடக்கூட விற்பனையாளருக்கு வட்டி ஏறும். விற்பனை இலக்குகள் மாத, காலாண்டு, ஆண்டு இறுதியை ஒட்டிக் கணக்கிடப்படுவதால் அந்த நாட்களில் இறங்கி வருவார்கள். விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்னால் எல்லாரும் வாங்க வரும் காலத்தில் பேரத்துக்கு இடம் குறைவு.

நெடுநாள் நின்ற வண்டியையோ, சென்ற ஆண்டு தயாரான வண்டியையோ கேட்டு வாங்கினால் நல்ல தள்ளுபடி கிடைக்கும். ஆனால் மறுவிற்பனையில் தயாரிப்பு ஆண்டே பேசப்படும் என்பதால், அந்த இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு விலை இறங்க வேண்டும். மின்கலம் வலுவிழந்திருக்கிறதா என்று சோதியுங்கள். பெரும்பாலான டயர்களின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதி எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். உத்தரவாதக் காலம் வண்டி உங்கள் கைக்கு வரும் நாளிலிருந்து தொடங்கும் என்பதை எழுதி வாங்குங்கள்.

படி 4: கருவிகளில்தான் பேரத்துக்கு இடம் அதிகம்

வண்டியின் விலையை நாலு கடையில் கேட்டு எவரும் ஒப்பிடலாம் என்பதால், அதில் விற்பனையாளரின் லாபம் பொதுவாகக் குறுகியே இருக்கும். கருவிகளின் விலையை அவ்வளவு கவனமாக யாரும் ஒப்பிடுவதில்லை. டிராக்டர் நிறுவனத்தின் நிறமும் பெயரும் பூசப்பட்ட கலப்பை, வேறொரு பட்டறையில் செய்த அதே கனமுள்ள கலப்பையைவிட நல்ல வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் தனி விலை எழுதி வாங்குங்கள். அதே கருவியைத் தனியாக விற்பவரிடமும் விசாரியுங்கள். அதன் பிறகே எல்லாம் சேர்த்து எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே தொகுப்பு விலை பேசினால், எதில் எவ்வளவு குறைந்தது என்பது கடைசிவரை தெரியாது.

எதைச் சேர்த்து வாங்குவது, எதைத் தனியே வாங்குவது என்பதற்கு ஒரு எளிய பிரிப்பு உண்டு. மண், எரு போன்றவற்றை அள்ளும் முன்பக்க லோடருக்கு வண்டியின் அடிச்சட்டத்தில் தாங்கிகளும் தனி ஹைட்ராலிக் இணைப்பும் வேண்டும். பிறகு பொருத்தினால் உத்தரவாதத்தில் சிக்கல் வரலாம். அதை வண்டியோடு சேர்த்து வாங்குவதே முறை. கலப்பை, சமன்படுத்தும் பலகை போன்றவற்றில் தேய்வது கொழுவும் விளிம்பும்தான். அவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், சட்டம் வளையாமலும் பற்றவைத்த இடங்கள் விரியாமலும் இருந்தால் பழையதே போதும். ரோட்டவேட்டரைப் பழையதாக வாங்குவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை: கியர்பெட்டியில் எண்ணெய்க் கசிவு, சுழல் தண்டைக் கையால் அசைத்தால் தெரியும் ஆட்டம், பிடிஓ தண்டின் மூடி உடைந்திருப்பது ஆகியவை விலையைக் குறைக்கக் காரணங்கள், ஆட்டம் அதிகமென்றால் விட்டுவிடுவதே நல்லது.

பொருந்துமா என்பதை விலைக்கு முன்னால் பாருங்கள். கருவியை வண்டியின் பின்னால் மாட்டும் மூன்றுமுனை இணைப்பில், முதல் வகைக்கு மேல்முள்ளின் (மாட்டும் ஊசியின்) விட்டம் சுமார் 19 மில்லிமீட்டரும் கீழ்முட்களின் விட்டம் 22 மில்லிமீட்டரும் இருக்கும். இரண்டாம் வகைக்கு அவை முறையே 25, 28 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பிடிஓவும் நிமிடத்துக்கு 540 சுற்றா 1000 சுற்றா என்று கருவியோடு ஒத்துப்போக வேண்டும்.

பணத்தில் இறங்க மறுக்கும் விற்பனையாளர் பொருளாகக் கொடுக்கச் சம்மதிப்பது வழக்கம். அந்தப் பொருளின் அடக்கவிலை, பட்டியல் விலையைவிடக் குறைவு. முன்பக்க எடைகள், வடிகட்டிகள், எண்ணெய், முதல் பராமரிப்பு ஆகியவற்றை அந்த இடத்தில் கேட்கலாம். எப்படியும் வாங்கியிருக்க மாட்டோம் என்ற பொருளை இலவசமாகப் பெறுவதைத் தள்ளுபடியாக எண்ண வேண்டாம்.

படி 5: வட்டியை நீங்களே கணக்கிடுங்கள்

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்கு விடை சொல்லாதீர்கள். தவணைக் காலத்தை நீட்டினால் எந்த விலையையும் அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம்.

வட்டியில்லாக் கடன் என்றால், ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள். விலை 100 என்றும், ரொக்கத்துக்கு 92 என்றும் வைத்துக்கொள்வோம். 100ஐ 48 மாதத் தவணையில் கட்டுபவர், 92ஐக் கடன் வாங்கி ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வட்டி கொடுப்பவருக்குச் சமம். அது மோசமான வட்டியன்று. ஆனால் இலவசமும் அன்று. நிலையான வட்டி (ஃபிளாட் ரேட்) என்று சொல்லப்படுவது இன்னும் ஏமாற்றக்கூடியது: அசல் குறையக்குறைய வட்டி குறையாமல், முழு அசலுக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று 5 ஆண்டுக்குக் கணக்கிட்டால், உண்மையான வட்டி ஏறத்தாழ 11 சதவீதம் ஆகும். கடன் கொடுக்கும் வேறு இடங்களில் விசாரித்துவிட்டு, குறையும் அசலுக்கான வட்டியை மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 6: பழைய வண்டியைக் கடைசியில் கொண்டுவாருங்கள்

அதே வயதும் அதே ஓட்ட மணியும் உள்ள வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். புது வண்டிக்கு விலை முடிவான பிறகே மாற்று வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள். வெளியில் விற்பதற்கும் கடை தருவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிதென்றால், அலைச்சலைப் பொறுத்துக்கொண்டு தனியாக விற்பதே லாபம்.

படி 7: மேசையில்

கையில் உள்ள மிகக் குறைந்த விலைப்புள்ளிக்கும் சற்றுக் கீழே ஒரு தொகையைச் சொல்லி, ஒப்புக்கொண்டால் அன்றே முன்பணம் தருவதாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதற்குப் பெயரளவுத் தள்ளுபடிதான் கிடைக்கும். குறிப்பிட்ட தொகையும் உடனடி முடிவும் சேர்ந்து வரும்போது அவர் தம் மேலாளரிடம் போய்ப் பேசக் காரணம் இருக்கும். சொன்ன பிறகு மௌனமாக இருங்கள். உதிரிபாகத்துக்கும் பழுதுக்கும் அதே மனிதரிடம்தான் திரும்பி வரப்போகிறீர்கள் என்பதால், பேரம் கடுமையாக இருக்கலாம், பேச்சு கடுமையாக இருக்கக் கூடாது. "இந்த விலை இன்று மட்டும்" என்றால், அதை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அடுத்த வாரமும் அது பெரும்பாலும் நிற்கும்.

படி 8: எழுத்தில் முடித்து, சோதித்து எடுங்கள்

முன்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தில் சேசிஸ் எண், எஞ்சின் எண், ஒவ்வொரு கருவியின் பெயரும் அளவும், இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருட்கள், கைக்குவரும் தேதி, முன்பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை ஆகியவை இருக்க வேண்டும். புது வண்டிக்கு முதல் பராமரிப்பு பெரும்பாலும் 50 மணி ஓட்டத்தில் வரும். அதற்கு யார் செலவு செய்வது என்பதையும் எழுதுங்கள். வண்டி வரும் நாளில் கருவிகளை மாட்டி, பிடிஓவைச் சுழலவிட்டு, கருவியை முழு உயரத்துக்குத் தூக்கிச் சிறிது நேரம் நிறுத்தி, தானாக இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.